இந்தித்திரை காட்டும் இந்தியாவும் அயலவர் காணாத தமிழும்

புதுவையிலிருந்து கடலூர் நோக்கிச் செல்லும் சாலையில், அரியாங்குப்பத்தைக் கடந்ததும் வருவது நோணாங்குப்பம். அவ்வூர்ச் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையை அறியாத புதுவையார் இலர். பிரான்சிலிருந்தும் பிற மேலை நாடுகளிலிருந்தும் வருவோர் அங்கே படகேறி, ஆறு கடலொடு கலக்கும் மணற்கரை வரை சென்று மீள்வர். அவ்வாறு வருவோருட் பலர், துறையில் நிற்கும் தமிழரைக் கண்டதும் இரு கை கூப்பிச் சொல்லும் முதற்சொல் 'நமசுதே' என்பது. தமிழ் மண்ணில் நின்றுகொண்டு, தமிழாற்றில் படகேறிக்கொண்டு, தமிழனுக்கு இந்திக்காரர் முறையில் வணக்கம் சொல்கின்றார் அவ்வயலவர்!

இஃது அவருடைய செருக்கன்று, குறும்புமன்று. அன்பினாலேயே சொல்கின்றார். இந்நாட்டு மக்களை அவர்தம் மொழியிலேயே வாழ்த்துவதாக எண்ணிக்கொண்டு சொல்கின்றார். அவ்வாறாயின், இம்மக்களின் மொழி இதுவென்று அவருக்குக் கற்பித்தவர் யார்? பள்ளி நூல் சிறிது கற்பித்திருக்கலாம். செய்தித்தாள் சிறிது கற்பித்திருக்கலாம். எல்லாவற்றினும் மிகுதியாகக் கற்பித்தது திரைப்படம். அத்திரை பேசிய மொழி இந்தி.

நோணாங்குப்பத்திற்கு அண்மையிலேயே இருக்கின்றது அரிக்கமேடு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமநாட்டு வாணிகர் பொருள்கள் வந்திறங்கிய பட்டினம் அது. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, உரோமரின் மட்கலங்களும் தமிழெழுத்துப் பொறித்த பானையோடுகளும் ஒரே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அன்று வந்த யவனன் தமிழனைத் தமிழனாகவே அறிந்து வாணிகம் செய்தான். இன்று வானூர்தியில் வரும் அயலவர் தமிழனை அறியாமலே வந்து, அறியாமலே திரும்புகின்றார். இடையில் நிகழ்ந்தது என்ன என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்பார்வையில் அயலவர் காண்பவை

அரசியலைப் பொருளாகக் கொண்ட இந்தித் திரைப்படங்களை முதன்முறையாகக் காணும் அயலவர் ஒருவர் மூன்று செய்திகளைக் கண்டு வியப்படைகின்றார்.

முதலாவது, ஆட்டமும் பாட்டமும் அரசியலும் ஒரே படத்தில் கலந்திருப்பது. ஏழையின் பசியும், நாட்டுப் பிரிவினையின் துயரும், காவல்துறையின் கொடுமையும் அப்படங்களில் பேசப்படுகின்றன. இராசு கபூரின் 'ஆவாரா' 1951-இல் வெளிவந்து, 1954-இல் உருசிய மக்களிடையே சென்றபோது, அந்நாட்டு மக்கள் அதனைத் தம் படம்போலவே கொண்டாடினர். சத்யூவின் 'கரம் அவா' 1973-இல் பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் தங்கிவிட்ட ஓர் இசுலாமியக் குடும்பத்தின் துன்பத்தைக் காட்டியது. கோவிந்து நிகலானியின் 'அர்த்து சத்யா' 1983-இல் காவல்துறைக்கும் அரசியலார்க்கும் உள்ள உறவைத் தோலுரித்தது. இவை நல்ல படங்கள் என்பதை ஒப்புக்கொள்வதில் தமிழர்க்குத் தயக்கம் வேண்டுவதில்லை. நல்லதை நல்லதென்று சொல்லத் தெரியாதவன் தீயதைத் தீயதென்று சொல்லும் தகுதியை இழந்துவிடுகின்றான்.

இரண்டாவது, அரசே திரைக்கு அஞ்சுவது. 1975-ஆம் ஆண்டு நெருக்கடிநிலையின்போது, அம்ரித் நகாட்டா என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் எடுத்த 'கிசா குர்சி கா' என்னும் எள்ளல் படம் கைப்பற்றப்பட்டு, அதன் படச்சுருள்கள் குர்கானில் தீயிட்டு அழிக்கப்பட்டன. அவ்வழக்கில் சஞ்சய் காந்தியும், செய்தி ஒலிபரப்புத்துறை அமைச்சராக இருந்த சுக்லாவும் 1979-இல் தண்டிக்கப்பட்டனர். 1980-இல் உச்ச நயன்மன்றம் அத்தண்டனையை நீக்கியது. குல்சாரின் 'ஆந்தி' என்னும் படமும் தலைமையமைச்சரை நினைவூட்டுகின்றதென்று அதே 1975-இல் தடைசெய்யப்பட்டு, ஆட்சி மாறிய பின்னரே மீண்டும் வெளிவந்தது. "திரைப்படம் வெறும் பொழுதுபோக்குத்தானே, அதற்கு ஏன் இத்துணைப் பெரும் ஆராய்ச்சி?" என்று கேட்கும் தமிழர் இச்செய்தியை மறவாதிருப்பாராக. படச்சுருளைத் தேடிப் பிடித்துக் கொளுத்தியவர்கள் அதனைப் பொழுதுபோக்கு என்று கருதவில்லை.

மூன்றாவது, இத்துணைப் பெரிய நாடு முழுவதும் ஒரே மொழி பேசுவது. அயலவரின் வியப்புகளுள் முதலிரண்டும் உண்மையிலிருந்து பிறந்தவை. மூன்றாவது வியப்போ பொய்யிலிருந்து பிறந்தது. ஆனால், மூன்றினுள் அவர் நெஞ்சில் ஆழமாகப் பதிவது இம்மூன்றாவதே. கதையை அவர் மறந்துவிடுவார். கதைமாந்தர் பெயரையும் மறந்துவிடுவார். அவர்கள் பேசிய ஒலியை மறவார். அவ்வொலியே இந்தியா என்று அவர் செவி முடிவுகட்டிவிடுகின்றது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியைத் தாய்மொழியெனக் கொண்டோர் நூற்றுக்கு 44 பேர்கூட இலர். அக்கணக்கிலும் போசுபுரி, இராசத்தானி, சத்தீசுகரி முதலிய பல மொழிகள் இந்தி என்னும் ஒரே குடையின்கீழ் அடக்கப்பட்டுள்ளன. அவற்றையெல்லாம் கூட்டிச் சேர்த்த பின்னரும் பாதியை எட்டாத ஒரு மொழி, திரையில் மட்டும் நூற்றுக்கு நூறாக நிற்கின்றது!

உரோசாவின் வாயில் மாறிய மொழி

இது வாய்ப்பேச்சன்று என்பதற்கு ஒரு படமே போதிய சான்று. மணிரத்தினம் 1992-இல் தமிழில் எடுத்த 'ரோசா'வை அறியாதார் இலர். தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெண் ஒருத்தி, காசுமீரத்தில் கணவன் கடத்தப்பட்ட நிலையில், காவலரிடமும் படைத்துறையினரிடமும் முறையிட மொழியறியாமல் தவிக்கின்றாள். அவள் தமிழ் மட்டுமே அறிந்தவள். அரசு அவளுடையது என்று சொல்லப்படுகின்றது; ஆனால் அவ்வரசின் காவலனுக்கு அவள் அழுகை புரிகின்றதேயன்றி அவள் சொல் புரியவில்லை. படத்தை எடுத்தவர் கருதியது எதுவாயினும், அக்காட்சி தமிழரின் அரசியல் நிலையையே உரித்துக் காட்டியது.

அப்படம் இந்திக்கு மொழிமாற்றப்பட்டு வடக்கெங்கும் ஓடியது. அயல்நாடுகளிலும் பலர் அதனை இந்தியிலேயே கண்டனர். மொழிமாற்றில் நிகழ்ந்தது என்ன? அப்பெண்ணின் வாயில் இந்தி வைக்கப்பட்டது. இந்தி தெரியாமையே துயரமாக இருந்த ஒருத்தி, தன் துயரத்தை இந்தியிலேயே பேசுபவளாக ஆக்கப்பட்டாள். மொழித்தவிப்பு அத்துடன் பொருளற்றுப் போயிற்று. கணவனைத் தேடும் மனைவியின் கதையும், நாட்டுப்பற்றின் கதையும் எஞ்சின. தமிழச்சியின் கதை கரைந்துவிட்டது. இவ்வடிவத்தைக் காணும் அயலவர்க்கு, அங்கே ஒரு மொழிச்சிக்கல் இருந்தது என்பதே தெரியவழியில்லை. ஒரு தேசிய இனத்தின் குறையைத் தணிக்கைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டுவதில்லை. மொழிமாற்றினாலேயே மறைத்துவிடலாம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

அவ்வியக்குநரே 1998-இல் 'தில் சே' என்னும் படத்தை நேராக இந்தியிலேயே எடுத்தார். அது தமிழுக்கு 'உயிரே' எனப் பெயர்மாறி வந்தது. இங்கிலாந்தின் வருவாய்ப் பட்டியலில் முதற்பத்து இடங்களுக்குள் நுழைந்த முதல் இந்தியப்படம் என்னும் பெயர் பெற்றது. வடகிழக்கு மக்களின் குமுறலைப் பொருளாகக் கொண்ட அப்படத்திலும், அம்மண்ணின் பெண் தன் குமுறலை இந்தியிலேயே வெளியிடுகின்றாள். தமிழச்சிக்கு நேர்ந்ததே அவளுக்கும் நேர்ந்தது.

தமிழன் திரையில் தோன்றும் போது

இந்தித்திரையில் தமிழனே தோன்றுவதில்லையா என்று கேட்கலாம். தோன்றுகின்றான். 1968-இல் வந்த 'படோசன்' படத்தில் நகைப்புக்குரிய இசையாசிரியனாகத் தோன்றினான். 2013-இல் வந்த 'சென்னை எக்சுபிரசு' படத்தில் அரிவாள் ஏந்திய கூட்டமாகத் தோன்றினான். அதே 2013-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் வந்த 'மெட்ராசு கபே' படத்தில் வன்முறையாளனாகத் தோன்றினான். சிரிப்பதற்கு ஒருவன், அஞ்சுவதற்கு ஒருவன்! சிந்திக்கும் தமிழன், உரிமை கேட்கும் தமிழன், நூல் எழுதும் தமிழன் அத்திரையில் எங்கே?

'மெட்ராசு கபே' ஈழப்போரையும், இராசீவ் காந்தி கொலையையும் நினைவூட்டும் வகையில் எடுக்கப்பட்ட படம். இந்திய உளவுத்துறையின் தவறுகளையும் அது காட்டியது என்று அதற்குப் பரிந்து பேசியோர் கூறினர். அஃது உண்மையே. எனினும் அதனைக் கண்ட அயலவரின் நெஞ்சில் ஈழத்தமிழர் பற்றி எஞ்சுவது என்ன? அவர்கள் ஏன் போராடினர் என்பதற்கு ஒரு சில காட்சிகள். அவர்கள் என்ன கொடுமை செய்தனர் என்பதற்கு முழுப்படம். எதிர்ப்பின் விளைவாகத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அப்படம் வெளியிடப்படவில்லை. ஆயினும் உலகின் பிற பகுதிகளில் ஓடியது.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கவை இரண்டு. இராசீவ் கொலையைப் பொருளாகக் கொண்டு செல்வமணி தமிழில் எடுத்த 'குற்றப்பத்திரிகை', தணிக்கையில் சிக்கிப் பத்தாண்டுகளுக்கும் மேல் பெட்டிக்குள் கிடந்து, 2007-இல்தான் வெளிவந்தது. கேலம் மெக்ரே என்னும் பிரித்தானியர், 2009-இல் ஈழப்போரின் இறுதித் திங்கள்களில் நிகழ்ந்த படுகொலைகளுக்குக் காட்சிச் சான்றுகள் திரட்டி எடுத்த 'தீயில்லா வலயம்' என்னும் பொருள்படும் ஆவணப்படத்திற்கு, இந்தியத் தணிக்கைக்குழு 2014-இல் சான்றிதழ் மறுத்தது. தமிழன் கொன்ற கதை இந்தியில் சொல்லப்பட்டால் அதற்குச் சான்றிதழ் உண்டு. தமிழன் கொல்லப்பட்ட கதையை அயலவரே படம்பிடித்து வந்தாலும் அதற்குச் சான்றிதழ் இல்லை. இதில் ஒளிவுமறைவு எங்கே இருக்கின்றது?

2021-ஆம் ஆண்டு மே திங்களில், 'பேமிலி மேன்' என்னும் இந்தித் தொடரின் இரண்டாம் பகுதி ஈழத்தமிழரை இழிவுபடுத்துகின்றது எனத் தமிழ்நாட்டரசே ஒன்றிய அமைச்சருக்கு மடல் எழுத வேண்டியதாயிற்று. அத்தொடர் நில்லாமல் ஒளியேறியது. திரையரங்கு என்னும் கட்டடத்தையும் கடந்து, வீட்டுக்கு வீடு, கைக்குக் கை, உலகமெங்கும் ஒரே நொடியில் இக்காட்சிகள் பரவும் காலம் இது.

ஓர் இனத்தின் உருவத்தைப் பிறர் வரைந்தால், அவ்வினத்திற்கு இடர் வருங்கால் அதற்குச் சான்று சொல்ல ஆளிருக்காது. முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்தபோது, பாரிசிலும் இலண்டனிலும் தெருவில் நின்று கதறிய தமிழரைப் பார்த்து, "நீங்கள் யார்? இந்தியரா?" என்று கேட்டுச் சென்றவர் எத்துணைப் பேர்! அறியாத மக்களுக்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை. திரைப்படப் பேச்சு எங்கே சென்று முடிகின்றது என்பதைத் தமிழர் இங்கே உணர வேண்டும்.

அயலவர்மேல் குற்றமில்லை

இவற்றுக்கெல்லாம் அயலவரைக் குறைகூறுவது பொருந்தாது. கண் திறந்து பார்த்த அயலவர் தமிழரைக் கண்டிருக்கின்றனர்.

பிரஞ்சு இயக்குநர் லூயி மால் 1968-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் ஒளிப்பதிவாளரையும் ஓர் ஒலிப்பதிவாளரையும் மட்டும் உடனழைத்துக்கொண்டு இந்தியாவெங்கும் சுற்றினார். அதன் பயனாக 1969-இல் ஏழு பகுதிகள் கொண்ட தொடர்ப்படத்தை வெளியிட்டார். முதற்பகுதியின் தொடக்கத்திலேயே, ஆங்கிலம் பேசும் கற்றோர் சிலரைப் பேசவைத்துக் காட்டி, மக்கள்தொகையில் மிகச்சிறு பகுதியினரான இவர்களே எஞ்சிய எல்லார்க்குமாகப் பேசுகின்றனர் என்பதைச் சுட்டிவிட்டுத் தெருவுக்குச் சென்றார். இரண்டாம் பகுதி முழுவதையும் சென்னைக்கே ஒதுக்கித் தேரோட்டத்தையும், கலாசேத்திர நடனப் பள்ளியையும், தமிழ்த் திரைப்படப் பிடிப்பையும் காட்டினார். அவர் கண்டவை எல்லாம் சரியென்பதன்று. அவர் முறை சரியானது. தமக்காகப் பேசுபவரை விலக்கி, பேசப்படுபவரிடம் நேரே சென்றார் அவர். 1970-இல் அப்படம் இங்கிலாந்தில் ஒளியேறியபோது இந்திய அரசு சினந்து, பி.பி.சி.யின் தில்லி அலுவலகத்தையே மூடச் செய்தது.

அமெரிக்கரான எல்லிசு தங்கன் 1935-இல் வந்து, தமிழ் அறியாமலே தமிழ்ப்படங்களை இயக்கினார். பாவேந்தரின் 'எதிர்பாராத முத்தம்' 1950-இல் 'பொன்முடி'யாகத் திரையேறியபோது அதனை இயக்கியவர் அவரே. புதுவைப் பாவலனின் கதைக்கு அமெரிக்கர் ஒருவர் திரைவடிவம் தந்தார் என்பதைப் புதுவைப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அறிவர்? இராபர்ட்டு ஆர்டுகிரேவு என்னும் அமெரிக்க அறிஞர் திராவிட இயக்கத்தைப் பற்றி 1965-இல் நூல் வெளியிட்டு, பின்னர்த் தமிழ்த்திரைக்கும் தமிழ்நாட்டு அரசியலுக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்தெழுதினார்.

இவற்றுக்கெல்லாம் முடிமணியாக, சாக்கு ஓதியார் என்னும் பிரஞ்சு இயக்குநர் எடுத்த 'தீபன்' 2015-இல் கான் திரைப்பட விழாவின் முதற்பரிசை வென்றது. ஈழ எழுத்தாளர் சோபாசக்தி அதில் தலைமை மாந்தராக நடித்தார். அப்படத்தின் பெரும்பகுதியில் பேசப்படும் மொழி தமிழ். தமிழ் ஒரு சொல்லும் அறியாத பிரஞ்சுக்காரர், தமிழர் துயரைத் தமிழிலேயே பேசவிட்டார். பிரஞ்சு மக்கள் திரையின் அடியெழுத்தைப் படித்துப் புரிந்துகொண்டனர். தமிழரைத் தமிழில் பேசவிட்டால் உலகிற்கு விளங்காது என்பார்க்கு இதனைவிட வேறு விடை வேண்டுமா?

தமிழர்மேல் குற்றமுண்டு

அரசியல் திரைப்படம் என்பது தமிழனுக்குப் பிறர் கற்பித்த கலையன்று. 1939-இல் வந்த 'தியாகபூமி' வெள்ளையராட்சியின் தடைக்கு ஆளாயிற்று. 1949-இல் அண்ணாவின் 'வேலைக்காரி' செல்வர் செருக்கையும் சமயப் போலிமையையும் சாடியது. 1952-இல் கலைஞர் உரையாடல் எழுதிய 'பராசக்தி' வெளிவந்தபோது, அதனைத் தடைசெய்ய வேண்டுமென்று குரல்கள் எழுந்தன. திரையிலிருந்து கோட்டைக்குச் சென்ற முதலமைச்சர் ஐவரைக் கண்ட நாடு தமிழ்நாடு. அரசியலும் திரையும் பின்னிக் கிடக்கும் விந்தையை அயலவர் காணவேண்டுமாயின் அவர் வரவேண்டிய இடம் மும்பையன்று, சென்னையே!

ஆனால் தமிழன் செய்தது என்ன? 'வேலைக்காரி'யையும் 'பராசக்தி'யையும் பிரஞ்சு மொழியில் அடியெழுத்திட்டு உலகிற்குக் கொடுத்தானா? தன் படத்திற்கு ஆங்கிலப் பெயர் வைத்தான். தமிழில் பெயர் வைத்தால் வரியில்லை என்று 2006-இல் தமிழ்நாட்டரசு அறிவித்த பின்னரே, வரிக்கு அஞ்சித் தமிழ்ப்பெயர் தேடினான். தாய்மொழிப் பற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய இழிநிலை வேறெந்த இனத்திற்கேனும் நேர்ந்ததுண்டா? கதைத்தலைவன் படத்திற்குப் பாலூற்றினான். கதையின் கருத்தைக் காற்றில் விட்டான். இன்று இந்தியா முழுதும் ஓடவேண்டும் என்னும் பேராசையால், எந்த மண்ணுக்கும் உரியதல்லாத கதைகளைத் தமிழ் முதலாளிகளே எடுக்கின்றனர். பிறர் தமிழனை மறைத்தது பாதி. தமிழன் தன்னைத்தானே மறைத்துக்கொண்டது மீதி.

புதுவையின் கடமை

இக்குறையைத் தீர்க்கும் ஆற்றல் வேறெவ்வூரினும் மிகுதியாகப் புதுவைக்கே உண்டு. பிரஞ்சு ஆட்சியினின்று 1954 நவம்பர் 1-ஆம் நாள் விடுபட்ட இம்மண்ணில், தமிழும் பிரஞ்சும் ஒருங்கே அறிந்த குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. 1955-இல் நிறுவப்பட்ட பிரஞ்சு ஆய்வு நிறுவனம் இங்கே இருக்கின்றது. நாடகத்தமிழின் தலைமையாசான் சங்கரதாசு அடிகள் 1922-இல் உயிர்நீத்ததும் இங்கே; பாவேந்தர் பிறந்ததும் இங்கே. பாரிசில் வாழும் புதுவைத்தமிழரும் ஈழத்தமிழரும் இதற்குத் துணைநிற்கக் காத்திருக்கின்றனர். தமிழின் சிறந்த அரசியல் திரைப்படங்கள் பத்தினைத் தேர்ந்து, செவ்விய பிரஞ்சு அடியெழுத்துடன், புதுவைக்கு வரும் அயலவர் கண்முன் வைப்பதற்கு மலையைப் பெயர்க்க வேண்டுவதில்லை. மொழியறிந்த இளைஞர் நால்வரும், மனமுள்ள ஓர் அரங்கமும், ஓராண்டு உழைப்பும் போதும்.

அதற்கும் முன்னே செய்யத்தக்க செயல் ஒன்றுண்டு. அதற்குக் காசு வேண்டா; அரசாணை வேண்டா; தணிக்கைச் சான்றிதழும் வேண்டா. நோணாங்குப்பத்துத் துறையில் அயலவர் 'நமசுதே' என்று கைகூப்பும்போது, அங்கு நிற்கும் தமிழர் சினவாமல், சிரித்த முகத்தோடு 'வணக்கம்' என்று விடைகூறட்டும். இது தமிழ், இம்மண்ணின் மொழி இது, என்று ஒரு சொல்லால் உணர்த்தட்டும். திரை ஈராண்டில் கற்பித்த பிழையை ஆற்றங்கரையில் ஒரு நொடியில் திருத்திவிடலாம். திருத்தப்பெற்ற அயலவர் அச்சொல்லைத் தம் நாட்டிற்கு எடுத்துச் செல்வார்.

யவனன் அறிந்திருந்த தமிழனை இன்றைய உலகம் மீண்டும் அறியவேண்டுமாயின், முதலில் தமிழன் தன்னைத் தமிழனென்று சொல்லியாக வேண்டும். சொல்வானா?